அமுக்க வேண்டிய இடம் ஒரு சாண் மேலே

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரே வேலையை ஓயாமல் செய்வதால் வரும் மணிக்கட்டு வலிக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் மசாஜ் பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. உள்ளங்கை தொடங்கும் இடத்தில், மணிக்கட்டின் நட்ட நடுவே மறுகையின் கட்டைவிரலை ஊன்றி, ‘வலி நன்றாகத் தெரியும்வரை’ பத்து நிமிடம் அழுத்தித் தேய்க்கச் சொல்லியிருந்தார்கள். முடிவில் கையை முழுக்க மடக்கிச் சொடக்கு எடுக்கவும் சொல்லியிருந்தார்கள். பக்கத்திலேயே படமும் இருந்தது. இத்தகைய குறிப்புகளைப் பலர் கத்தரித்து வைத்துக்கொண்டு அப்படியே செய்வார்கள். கை வலிக்கு மசாஜ் வேண்டாம் என்று சொல்லும் ஆட்கள் அல்ல நாங்கள். தினமும் அதைச் செய்பவர்கள், சொல்லிக் கொடுப்பவர்கள். படத்தில் கட்டைவிரல் இருந்த இடம் தவறு என்பதுதான் எங்கள் புகார்.

ஏன் தவறு என்பதைக் கையே காட்டிக் கொடுக்கும். வலது கையை மேசைமேல் குப்புற வையுங்கள். முழங்கையிலிருந்து நாலு விரற்கடை கீழே, சதைப்பிடிப்பான இடத்தில் இடது கையை லேசாகப் பதியுங்கள். இப்போது தட்டச்சு செய்வதுபோல வலக்கை விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தட்டுங்கள். இடது உள்ளங்கைக்கு அடியில் சதை நெளிந்து ஓடும். ஆள்காட்டி விரலுக்கு ஓரிடம், சுண்டுவிரலுக்கு வேறிடம் என்று கூடப் பிரித்து உணரலாம். விரல்களுக்குள் தசையே கிடையாது. உள்ளங்கையில் சில சின்னத் தசைகள் உண்டு. ஆனால் விரலை மடக்கி நீட்டும் பெரிய வேலையெல்லாம் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே உள்ள முன்கையில்தான் நடக்கிறது. அங்கே இருக்கும் தசை இழுக்க, நீண்ட கயிறு போன்ற தசைநாண் மணிக்கட்டைக் கடந்துபோய் விரலை அசைக்கிறது. பொம்மலாட்டத்தில் பொம்மையின் கை சரியாகத் தூக்கவில்லை என்றால் பொம்மையின் கையைப் பிசைந்து என்ன பயன்? மேலே கயிற்றைப் பிடித்திருப்பவரைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே நம் பேச்சு வழக்கும் ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. புறங்கையில் பச்சையாகத் தெரியும் ரத்தக் குழாயும் நமக்கு நரம்புதான். மணிக்கட்டில் கயிறு மாதிரி எழும்பும் தசைநாணும் நரம்புதான். உணர்ச்சியைக் கொண்டுபோகும் உண்மையான நரம்பும் நரம்புதான். ‘நரம்பை நீவி விட்டால் சரியாகிவிடும்’ என்று சொல்லும்போது எதை நீவச் சொல்கிறார்கள் என்பது சொல்பவருக்கே தெரியாது. தசையை நீவலாம். தசைநாணை அளவோடு தொடலாம். நிஜ நரம்பை அழுத்தவே கூடாது.

அந்த நிஜ நரம்பு போகும் வழிதான் படத்தில் கட்டைவிரல் இருந்த இடம். மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் கிண்ணம்போல வளைந்து நிற்கின்றன. கிண்ணத்தின் வாயை ஒரு தடித்த நார்ப்பட்டை மூடியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய பாதைதான் கார்பல் டனல். அதற்குள் விரல்களையும் கட்டைவிரலையும் மடக்கும் 9 தசைநாண்களும், அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு மீடியன் நரம்பும் போகின்றன. எலும்பும் விரியாது, பட்டையும் விரியாது. நாண்களைச் சுற்றியுள்ள உறை கொஞ்சம் தடித்தாலே நரம்புக்கு மூச்சு முட்டும். நலமாக உள்ளவர்களிடம் மணிக்கட்டை நேராக வைத்து அளந்தபோது இந்தப் பாதைக்குள் இருந்த அழுத்தம் சராசரியாக 2.5 மில்லிமீட்டர் பாதரசம். கார்பல் டனல் தொல்லை உள்ளவர்களிடம் அதே நிலையில் 32. மணிக்கட்டை முழுக்க மடக்கினால் அவர்களுக்கு அது 90-ஐத் தாண்டுகிறது. ஏற்கெனவே நெரிபடும் நரம்பின்மேல் கட்டைவிரலை ஊன்றிப் பத்து நிமிடம் தேய்த்து, கடைசியில் மடக்கியும் விட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. அன்றிரவே கை மரத்துப் போய்த் தூக்கம் கலையும்.

ஆகவே தொடுவதற்கு முன், எந்த வலி என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முன்கை முழுக்கக் கனத்து, இழுத்துப் பிடித்து, மாலையில் கூடி, இரண்டு நாள் ஓய்வில் குறைகிறது. மரத்துப்போவது இல்லை என்றால் அது பெரும்பாலும் தசை அசதி. மசாஜுக்கு மிக நன்றாகக் கட்டுப்படுவது இதுதான். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றில் குறுகுறுப்போ மரப்போ வந்து சுண்டுவிரல் மட்டும் தப்பித்தால் மீடியன் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். இரவில் விழித்துக் கையை உதறுவது இதன் தனி அடையாளம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழ்நோக்கி இருக்க, மணிக்கட்டை மடக்கியபடி 60 விநாடி பிடித்தால் அந்தக் குறுகுறுப்பு அப்படியே திரும்பி வரும். ஜார்ஜ் பேலன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரின் பெயரால் வழங்கும் சோதனை இது. வந்துவிட்டது என்றால் அதோடு கையை எடுத்துவிடுங்கள். உறுதி செய்கிறேன் என்று திரும்பத் திரும்ப மடக்க வேண்டாம்.

சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்தால் அது அல்னார் நரம்பு. முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றியே வேலை செய்பவர்களிடம் அடிக்கடி பார்க்கலாம். கழுத்தைத் திருப்பும்போதோ சாய்க்கும்போதோ கைக்குள் மின்னல்போல இறங்கினால் மூலம் கழுத்தில் இருக்கிறது. முன்கையை எவ்வளவு நீவினாலும் தீராது.

கட்டைவிரல் பக்க மணிக்கட்டு எலும்பின்மேல் சுருக்கென்று குத்தி, துணி பிழியும்போதும் குழந்தையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கும்போதும் கூடினால் அது வேறு கதை. கட்டைவிரலைத் தூக்கும் இரண்டு தசைநாண்கள் அங்கே ஒரே உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துப்போகிறது. சுவிட்சர்லாந்தின் ஃபிரிட்ஸ் டி கெர்வான் 1895-ல் இதை விவரித்தார். அவர் பெயரிலேயே வழங்குகிறது. கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நல்ல கையிலும் இப்படிச் செய்தால் கொஞ்சம் இழுக்கும். ஆகவே இரண்டு கைகளையும் ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

மசாஜே கூடாத நிலைகளும் உண்டு. இவற்றில் சமாதானத்துக்கு இடமில்லை. கையை ஊன்றி விழுந்த பிறகு கட்டைவிரலின் அடியில் உள்ள குழியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால் அங்கே உள்ள ஸ்கேஃபாய்டு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் அந்த முறிவு தெரியாமலும் போகும். சுளுக்கு என்று நினைத்து நீவியே நாளைக் கடத்தினால், ரத்த ஓட்டம் குறைந்த அந்த எலும்பு கூடாமலே போய்விடலாம். மூட்டு சிவந்து, சூடேறி, வீங்கியிருந்தால் தொடக் கூடாது. காலையில் இரண்டு கை விரல்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். டயாலிசிஸுக்காக இணைப்பு வைத்த கை, மார்பகப் புற்று அறுவையில் அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பக்கத்துக் கை, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவரின் கை, புண்ணோ தடிப்போ உள்ள தோல் ஆகியவற்றுக்கெல்லாம் மருத்துவரைக் கேட்காமல் அழுத்தம் தரக் கூடாது. மரப்பு விட்டுவிட்டு வராமல் நாள் முழுக்க நீடித்தால், சாமான்கள் கையிலிருந்து நழுவினால், கட்டைவிரலின் அடிமேடு மறுகையைவிடத் தட்டையாகி இருந்தால் அது நரம்பு நசிந்துகொண்டிருப்பதன் அறிகுறி. நீரிழிவு, தைராய்டு குறைவு, கர்ப்பம் ஆகியவையும் இந்தத் தொல்லையைத் தூண்டும் என்பதால் அவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இனி, செய்முறை.

உட்காருவதில்தான் பலர் முதல் தவறைச் செய்கிறார்கள். கையை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நீவினால், கையைத் தாங்குவதற்காக அந்தத் தசையே இறுகி நிற்கும். இறுகிய தசையைத் தளர்த்த முயல்வது வீண்வேலை. மேசைமேல் ஒரு தலையணையை வைத்து, முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கியிருக்க, முன்கை முழுக்க அதில் கிடக்கட்டும். மணிக்கட்டு விளிம்பில் தொங்கக் கூடாது. வீக்கம் இல்லை என்றால் முதலில் 10 நிமிடம் கையை வெதுவெதுப்பான நீரில் வைக்கலாம். 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் போதும். மரத்துப்போகும் கைக்குச் சூடு சரியாகத் தெரியாது என்பதால் நீரின் சூட்டை மறுகையால் பாருங்கள். எண்ணெய் எதுவானாலும் ஒரு முன்கைக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அதிகமானால் கை வழுக்கும், பிடி கிடைக்காது, பிடி கிடைக்காததால் இன்னும் அழுத்தத் தோன்றும்.

அழுத்தம் எவ்வளவு என்பதற்கு நகமே அளவுகோல். கட்டைவிரலால் அழுத்தும்போது நகத்தின் அடி முழுக்க வெளுத்துவிட்டால் ஏறக்குறைய 4 கிலோ அழுத்தம் போகிறது என்று பொருள். மூட்டுநோய் மருத்துவர்கள் வலிப்புள்ளிகளைச் சோதிக்கக் கையாளும் கணக்கு இது. முன்கைக்கு அதில் பாதி போதும். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் கட்டைவிரலை அதன்மேல் வைத்து 1 கிலோ எப்படி இருக்கிறது, 2 கிலோ எப்படி இருக்கிறது என்று இரண்டு முறை அழுத்திப் பாருங்கள். பலருக்கு அது ஆச்சரியமாக இருக்கும்: லேசாக அழுத்துவதாக நினைத்தது 3 கிலோவைத் தாண்டியிருக்கும். வலியைப் பத்துக்கு மதிப்பெண் போட்டால், மசாஜின்போது 4-ஐத் தாண்டக் கூடாது. மூச்சைப் பிடிக்கிறீர்கள், தோளைத் தூக்குகிறீர்கள், பல்லைக் கடிக்கிறீர்கள் என்றால் தாண்டிவிட்டது.

தட்டச்சும் மவுஸும் அதிகம் தொல்லை கொடுப்பது முன்கையின் மேற்பக்கத்துக்கு. அங்கிருந்தே தொடங்கலாம். உள்ளங்கை கீழே பார்க்கட்டும். மறுகையின் அடி உள்ளங்கையைப் பதித்து, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரே இழுப்பாக நீவுங்கள். ஒரு நீவலுக்கு 5 விநாடி. மொத்தம் 10 நீவல். சிரை ரத்தம் திரும்பும் திசையும் அதுதான்; கீழ்நோக்கித் திரும்பும்போது கையை எடுத்துவிடுங்கள் அல்லது வெறுமனே தோலைத் தொட்டபடி வாருங்கள். அடுத்து முழங்கையின் வெளிப்பக்கம் முட்டிக்கொண்டிருக்கும் எலும்பைத் தேடிப் பிடியுங்கள். அதிலிருந்து மூன்று நாலு விரற்கடை கீழே, மணிக்கட்டை மேலே தூக்கினால் திரண்டு எழும் சதைதான் நமக்கு வேண்டியது. அதைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே பிடித்து, எலும்பிலிருந்து சற்றே தூக்கி, விட்டு, மாவு பிசைவதுபோல ஒரு நிமிடம்.

பிசையும்போதே பென்சில் தடிமனில் இறுகிய கீற்று ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். அதில் ஒரு புள்ளி மற்றவற்றைவிடக் கடுக்கும். சிலருக்கு அங்கே தொட்டதும் வலி புறங்கைவரை ஓடும். தேய்க்காமல், அந்தப் புள்ளியில் அழுத்தி அப்படியே நிறுத்துங்கள். 20, 30 விநாடிக்குள் வலி பாதியாகக் குறைய வேண்டும். குறைந்தால் விட்டுவிட்டு அடுத்த புள்ளிக்குப் போகலாம். குறையவில்லை என்றால் அழுத்தம் அதிகம் அல்லது இடம் தவறு. இரண்டில் எதுவானாலும் மேலும் அழுத்துவது தீர்வாகாது. ஒரு வேளைக்கு மூன்று நாலு புள்ளிகள் போதும். மின்சாரம் தாக்கியதுபோலக் கட்டைவிரலின் பின்பக்கம் சுரீர் என்றால் ரேடியல் நரம்பின் கிளைமேல் கை வைத்திருக்கிறீர்கள். உடனே ஒரு விரல் அகலம் தள்ளிப் போங்கள். முட்டிக்கொண்டிருக்கும் எலும்பின்மேல் அழுத்தவே வேண்டாம். அங்கே வலிப்பவர்களுக்குத்தான் அங்கே அழுத்தும் ஆசை அதிகம்.

இந்த மேற்பக்கத்துக்கு எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்வது கடைசி அசைவு. மறுகையின் விரல் கணுக்களை அந்தச் சதைமேல் ஊன்றி, தோலோடு சேர்த்து முழங்கைப் பக்கமாகச் சற்றே தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள். கணுக்களை அசைக்காமல், வலிக்கும் கையின் மணிக்கட்டை மட்டும் மெதுவாகக் கீழே மடக்கி மேலே தூக்குங்கள். பிடித்த இடத்துக்கு அடியில் தசை நழுவிப்போவதை உணரலாம். 8 முதல் 10 முறை. முடித்ததும் முதலில் செய்த நீவலையே நாலைந்து முறை செய்து விட்டுவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மொத்தம் 5, 6 நிமிடம்தான்.

உள்பக்கத்துக்கும் இதே வரிசைதான். எல்லைகள் மட்டும் கண்டிப்பானவை. உள்ளங்கை மேலே பார்க்கட்டும். முழங்கையின் உள்பக்கம் முட்டும் எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் அல்னார் நரம்பு தோலுக்கு அடியிலேயே போகிறது. இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை ஜிவ்வென்று இறங்குமே, அந்த இடம். அங்கே போகாதீர்கள். முழங்கை மடிப்பின் நடுவிலும் பெரிய ரத்தக் குழாயும் மீடியன் நரம்பும் இருக்கின்றன. இவற்றிலிருந்து மூன்று விரற்கடை கீழே தொடங்கி, முன்கையின் முதல் பாதியில் மட்டும் பிசைந்து அழுத்துங்கள். மணிக்கட்டை நெருங்க நெருங்கத் தசை தேய்ந்து தசைநாணாக மாறிவிடுகிறது. பிசைய அங்கே எதுவும் இல்லை. மணிக்கட்டு மடிப்புக்கு மூன்று விரற்கடை முன்பே ஆழமான அழுத்தம் நின்றுவிட வேண்டும். அதற்குக் கீழே நீவல் மட்டும்.

உள்ளங்கையில் கட்டைவிரலின் அடிமேடு அலைபேசி பயன்படுத்துபவர்களுக்கும் கத்தரிக்கோல் பிடிப்பவர்களுக்கும் இறுகிக் கிடக்கும். மறுகைக் கட்டைவிரலால் சின்னச் சின்ன வட்டங்களாக ஒரு நிமிடம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து 20 விநாடி. புறங்கை எலும்புகளுக்கு இடையே உள்ள நாலு பள்ளங்களிலும் விரல் நுனியால் கணுவிலிருந்து மணிக்கட்டு நோக்கி மும்மூன்று முறை. அடி உள்ளங்கையின் இரண்டு மேடுகளுக்கும் நடுவே உள்ள குழியை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்குக் கீழேதான் நாம் பேசிய பாதை. சுண்டுவிரல் பக்க மேட்டின் அடியிலும் ஊன்றி அழுத்த வேண்டாம். அல்னார் நரம்பு அங்கே நுழைகிறது. டென்னிஸ் பந்தை மேசையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுபவர்கள் இந்த இரண்டு இடங்களையும் மறந்துவிடுகிறார்கள்.

டி கெர்வான் வலிக்கு, குத்தும் எலும்பின்மேல் நீவினால் உறை இன்னும் எரிச்சலாகும். அந்த இரண்டு நாண்களை இழுக்கும் தசை, மணிக்கட்டிலிருந்து நாலைந்து விரற்கடை மேலே, முன்கையின் பின்பக்கத்தில் சாய்வாகக் குறுக்கிட்டு வருகிறது. கட்டைவிரலை வெளிப்பக்கம் விரித்து விரித்து மூடினால் அது துடிப்பது தெரியும். அதை மட்டும் 2 நிமிடம் மெதுவாகப் பிசையலாம். கட்டைவிரலை அசையாமல் வைக்கும் பட்டை இல்லாமல் மசாஜ் மட்டும் செய்து இது குணமாகும் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

தசைநாணுக்குக் குறுக்கே ஆழமாகத் தேய்க்கும் முறை ஒன்று உண்டு. பிரிட்டனின் ஜேம்ஸ் சிரியாக்ஸ் பரப்பியது. இதற்கு எண்ணெய் கூடாது. விரலும் தோலும் ஒன்றாக நகர வேண்டும், இல்லையென்றால் தோல் உரிந்து கொப்புளம் வரும். இதன் பலனுக்குக் கிடைத்துள்ள சான்றுகள் மெலிதானவை. பயிற்சி பெற்றவர் கையில் இருக்கட்டும். வீட்டில் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கார்பல் டனல் சந்தேகம் உள்ளவர்களுக்கு மணிக்கட்டில் அழுத்தத்துக்குப் பதில் அசைவு. ஐந்து நிலைகள்: விரல்களை நேராக நீட்டுவது; நுனி இரண்டு கணுக்களை மட்டும் கொக்கிபோல மடக்குவது; முழு முஷ்டி; விரல்கள் நேராக இருக்க அடிக்கணுவில் மட்டும் மடக்கி மேசைபோல வைப்பது; பிறகு நுனி நேராக இருக்க விரல்கள் உள்ளங்கையைத் தொடுவது. ஒவ்வொன்றுக்கும் நடுவே விரல்களை நீட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் 3, 4 விநாடி. முழுச் சுற்று 5 முறை. நாளைக்கு மூன்று வேளை. மணிக்கட்டு இது முழுவதும் நேராகவே இருக்க வேண்டும். குறுகுறுப்பு கூடி, நிறுத்திய பின்னும் தங்கினால் பாதியாகக் குறையுங்கள். இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை 6 வாரம் போட்டால் பலருக்கு உறக்கத்திலிருந்து விழிப்பது குறைகிறது. பட்டையை இறுக்கிக் கட்டினால் அதுவே நரம்பை நெரிக்கும். அடியில் ஒரு விரல் எளிதாக நுழைய வேண்டும்.

அடிக்கடி பார்க்கும் தவறுகளில் முதலாவது, நல்ல கையைக் கெடுத்துக்கொள்வது. வலது கை வலிக்கிறது என்று இடது கட்டைவிரலால் தினமும் அரைமணி நேரம் அழுத்தினால் இரண்டு வாரத்தில் இடது கட்டைவிரலும் வலிக்கத் தொடங்கும். மசாஜைத் தொழிலாகச் செய்பவர்களுக்கே கட்டைவிரல் மூட்டு தேய்கிறது. அதனால்தான் மேலே கணு, அடி உள்ளங்கை என்று மாற்றி மாற்றிச் சொன்னோம். இரண்டு கையும் வலிப்பவர்கள், டென்னிஸ் பந்தை மேசைமேல் வைத்து, முன்கையை அதன்மேல் சாய்த்து, உடல் எடையால் மெல்ல உருட்டலாம், பிடிக்கவே வேண்டாம். அதிரும் மசாஜ் கருவி வைத்திருப்பவர்கள் அதை முன்கைச் சதையில் மட்டும், ஆகக் குறைந்த வேகத்தில், ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல் வைக்கட்டும். மணிக்கட்டிலும் முழங்கை எலும்பிலும் வேண்டவே வேண்டாம்.

அளவு மீறியதா என்பதை மறுநாள் காலை சொல்லும். தொட்டால் லேசான கன்றிப்பு இருந்து அன்றே மறைந்தால் சரி. 24 மணி நேரம் கழித்தும் முந்தைய நாளைவிட வலி கூடியிருந்தால், ஒரு நாள் விட்டு, பாதி அழுத்தத்தில் பாதி நேரம் செய்யுங்கள். நீலம் பாரித்தால் அது ‘கெட்ட ரத்தம் வெளியேறுவது’ அல்ல. சிறு ரத்தக் குழாய்கள் உடைந்திருக்கின்றன. அதேபோல, மசாஜ் ‘முடிச்சை உடைக்கிறது’, ‘லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுகிறது’ என்பவையும் ஆதாரமில்லாத பேச்சு. வேலை நின்ற ஒரு மணி நேரத்துக்குள் லாக்டிக் அமிலத்தை உடலே தீர்த்துவிடும். மசாஜ் செய்வது இதைவிட எளிமையானது: வலியைக் கேட்டு இறுகிப்போன தசைக்கு நரம்பு மண்டலம் விடும் கட்டளையைச் சற்று நேரம் தணிக்கிறது. அந்த நிம்மதி சில மணி நேரம், சிலருக்கு ஓரிரு நாள்.

அந்த நேரத்தை என்ன செய்கிறோம் என்பதில்தான் மீதி எல்லாம். 1713-லேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாஸினி, எழுத்தர்களின் கைவலிக்கு மூன்று காரணம் எழுதினார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே போக்கில் அசைந்துகொண்டே இருப்பது, பிழை வந்துவிடுமோ என்ற மன இறுக்கம். இறகுப் பேனா போய் விசைப்பலகை வந்தது, பட்டியல் மாறவில்லை. அரைமணிக்கு ஒரு முறை 30 விநாடி கையை மடியில் போடுங்கள். மணிக்கட்டும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்கும்படி விசைப்பலகையைத் தாழ்த்துங்கள். மவுஸை எட்டிப் பிடிக்காத தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். மணிக்கட்டுத் திண்டு தட்டச்சுக்கு இடையே ஓய்வெடுக்கத்தான்; தட்டும்போதே அதில் ஊன்றினால் அதே பாதை நசுங்கும். கருவியின் கைப்பிடி மெலிதாக இருந்தால் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். பிடியின் இறுக்கம் தானாகக் குறையும்.

வலி 3-க்குக் கீழே இறங்கியதும் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், ஏறக்குறைய அரைக் கிலோ. முன்கை மேசைமேல், கை விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை கீழே. மறுகையால் பாட்டிலோடு மணிக்கட்டைத் தூக்கிவிட்டு, வலித்த கையால் மட்டும் ஐந்து எண்ணி இறக்குங்கள். 10 முதல் 15 முறை, இரண்டு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மரப்பு உள்ளவர்கள் இதைத் தாங்களாகத் தொடங்க வேண்டாம். தசைநாண் ஆறவும் பலப்படவும் மாதக் கணக்கில் ஆகும்; ஒரு வாரத்தில் பலனில்லை என்று விடுபவர்களே அதிகம். மசாஜுக்கு மட்டும் கெடு குறைவு. தினமும் ஒரு வேளை வீதம் இரண்டு வாரம் முறையாகச் செய்தும் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்றால் மூன்றாவது வாரம் நீவுவதில் பொருளில்லை. கையைக் காட்டப் போக வேண்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை. இந்தக் கடிதம் முழுவதற்கும் இடமில்லை என்றாலும் பாதகமில்லை. அதே பக்கத்தில் அந்தப் படத்தை மட்டும் மறுபடி வெளியிடுங்கள். ஓவியரிடம் கட்டைவிரலை அழித்துவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து ஒரு சாண் மேலே, சதைப்பிடிப்பான இடத்தில், விரல் கணுக்களை ஊன்றியபடி வரையச் சொல்லுங்கள். முன்கைக்குக் கீழே தலையணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்டுகள் இருவர்